தலைவர் வேண்டாமென்ற தலைமுறை

மூத்தோர் சொற்கேட்டு நடத்தல் இளையோர்க்கு அழகென்று நாம் கற்பித்து வருகின்றோம். அக்கற்பித்தலையே தலைகீழாக்க முனைந்த இளந்தலைமுறையொன்று 1960களில் அமெரிக்காவில் எழுந்தது. 1964இல் கலிபோர்னியாவின் பேர்க்லிப் பல்கலைக்கழக மாணவர்கள், வளாகத்தினுள் அரசியல் பேசும் உரிமை கோரிக் கிளர்ந்தனர். முப்பது வயதைக் கடந்த எவரையும் நம்பலாகாது என அவர்களுள் ஒருவர் கூறிய சொல் நாடெங்கும் பரவிற்று. வியட்நாம் போரும் கட்டாய இராணுவ சேவையும் அந்த அவநம்பிக்கையை வளர்த்தன.

1967ஆம் ஆண்டுக் கோடையில் பல்லாயிரம் இளைஞர் சான் பிரான்சிஸ்கோ நகரின் ஹெயிட்-ஆஷ்பரி பகுதியில் வந்து கூடினர். ஹிப்பிகள் எனப்பட்ட இவர்கள் குடும்பம், உத்தியோகம், அரசாங்கம் ஆகியவற்றின் அதிகாரத்தை மறுத்தனர். போதைப்பொருட் பழக்கம் அவர்களுட் பலரைச் சீரழித்தது. ஆயினும் போரெதிர்ப்பும், பெண்ணுரிமை வேட்கையும், இயற்கையைப் பேணும் எண்ணமும் அக்காலச் சூழலில் உரம்பெற்றன என்பதை மறுத்தல் நேர்மையன்று. நாம் இங்கு ஆராயவேண்டியது வேறொன்று. தலைவரைத் துறந்தவர்கள் தலைவரின்றி வாழ்ந்தார்களா?

அதே 1967இல் சிறையிலிருந்து விடுதலையான சார்ள்ஸ் மான்சன் என்பவன் அப்பகுதிக்கு வந்து சேர்ந்தான். வீட்டைத் துறந்து வந்த இளைஞரும் யுவதிகளும் அவனைச் சூழ்ந்தனர். தந்தை சொல்லைத் தட்டியவர்கள் இவன் சொல்லைத் தட்டினாரில்லை. 1969 ஆகஸ்டில் அவன் ஏவலினால் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் இரண்டு இரவுகளில் ஏழு பேர் கொல்லப்பட்டனர்.

இதனினும் கொடியது ஜிம் ஜோன்ஸ் என்ற மதபோதகரின் வரலாறு. இனசமத்துவம் பேசிய அவரைக் கலிபோர்னியாவில் வெள்ளையரும் கறுப்பினத்தவருமாகப் பலர் பின்பற்றினர். அவர்களுள் ஏறத்தாழ ஆயிரம் பேர் தென்னமெரிக்காவின் கயானா நாட்டுக் காட்டிலே குடியேறினர். 1978 நவம்பர் 18ஆந் திகதி அவர் கட்டளைப்படி, ஆயுதந் தாங்கிய காவலர் சூழ்ந்து நிற்க, நஞ்சு வழங்கப்பட்டது. குழந்தைகளுக்கே முதலில் ஊட்டினர். 900க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்றைய கூட்டத்தின் ஒலிப்பதிவு இன்றும் உள்ளது. அதிலே ஒரு பெண்மணி எழுந்து, குழந்தைகள் வாழவேண்டியவர்கள் என வாதாடுகின்றார். அவருக்குத் துணையாக ஒருவரும் எழவில்லை. கூட்டத்தினரே கூச்சலிட்டு அவர் குரலை அடக்கிவிடுகின்றனர்.

ஒருவரேனும் துணை நின்றிருந்தால் என்னவாகியிருக்கும்? அதனை அறிதல் அரிது. எனினும் அமெரிக்க உளவியலறிஞர் ஸ்ரான்லி மில்கிரம், யேல் பல்கலைக்கழகத்தில் 1961இல் தொடங்கிய சோதனைகள் சிறிது ஒளி தருகின்றன. அடுத்த அறையிலிருப்பவர் பிழையான விடை கூறுந்தோறும் மின்னதிர்ச்சியை ஏற்றிக்கொண்டே போகுமாறு சாதாரண மனிதர் 40 பேருக்குத் தனித்தனியே பணிக்கப்பட்டது. மின்சாரம் உண்மையிற் பாயவில்லை. அதனை அவர்கள் அறியார். 26 பேர் 450 வோல்ற் எனக் குறித்த இறுதி விசைவரை சென்றனர்! பின்னர், சோதனைக்குரியவருடன் வேறு இருவரை அமர்த்தி, அவர்கள் இடையிலே மறுத்து விலகுமாறு மில்கிரம் முன்னேற்பாடு செய்தார். அப்போது இறுதிவரை சென்றவர்கள் 40 பேரில் நால்வரே. சோதனையின் முறைபற்றிப் பின்னாளில் ஐயங்கள் எழுப்பப்பட்டன. ஆயினும், ஒருவர் துணிவு மற்றவர்க்குத் துணிவாகும் என்ற உண்மை நம் அனுபவத்துக்கும் ஒத்ததே.

பாடம் முடிந்ததும், "விளங்கியதா?" என்று ஆசிரியர் கேட்பது வழக்கம். "ஓம், சேர்" என்று ஒரே குரலில் விடை வரும். என்றாவது ஒரு பிள்ளை தயங்கி எழுந்து, "விளங்கவில்லை" என்று சொல்லும். அடுத்த கணமே பத்துக் கைகள் உயரும். நேரமில்லையென்று அந்த முதற் பிள்ளையை அதட்டி இருத்திய நாட்கள் எனக்கும் உண்டு.

சமுதாயத்துக்கு வழிகாட்டுவோர் என்றும் வேண்டும். அவர்களை அடியோடு விலக்க எண்ணிய தலைமுறை, வெறுமையான ஆசனத்தில் அமர வந்தவன் யாரென்று ஆராய மறந்தது. தலைவர் வேண்டுமா, வேண்டாமா என்ற வாதத்தைவிட, எழுந்து கேட்பவனுக்குப் பக்கத்தில் இரண்டாமவனாக எழும் பழக்கமே நம் பிள்ளைகளைக் காக்கவல்லது. முதற் பிள்ளையை அதட்டி இருத்தும் ஆசிரியன், தான் அறியாமலே நாளைய ஜோன்சுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கின்றான்.