வலி எப்படி வேகிறது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பொழிச்சலூரில் எங்கள் வீட்டு அடுப்படியில் தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். அக்கா மகன் வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றான். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை டாட்டூ போடப் போகிறானாம். ஒரே சிட்டிங், ஆறு மணி நேரம். "தாங்கிடுவேனா சித்தி?" என்றான்.

"முதல்ல வலி எப்படி உண்டாகுதுன்னு தெரிஞ்சுக்கோ. தாங்குறதைப் பத்தி அப்புறம் பேசலாம்" என்றேன். அவனுக்குச் சொன்னதையே இங்கே வரிசையாகச் சொல்கிறேன். உடற்கூறு எதுவும் தெரிந்திருக்க வேண்டாம். அடுப்படி தெரிந்தால் போதும்.

முதலில் தோல்: ஒரு நுங்கு

ஒரு நுங்கை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே மெல்லிய தோல், அதற்குள் வழுவழுப்பான சதை, நடுவில் தண்ணீர். நம் உடம்புத் தோலும் ஏறக்குறைய அப்படித்தான். மேல்தோல் நாள்தோறும் உதிர்ந்து புதிதாக வளர்வது. அதில் மை நின்றால் சில வாரங்களில் போய்விடும். ஆகவே ஊசி மேல்தோலைத் தாண்டி, நுங்கின் சதை போன்ற அடித்தோலில் மையை வைக்க வேண்டும். ஆழம் ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர்தான். அதற்கும் கீழே இறங்கினால் கொழுப்பு. அங்கே மை கசிந்து, கோடு ஊறிப்போன மாதிரி ஆகிவிடும்.

மெஷின் வேலை செய்வது தையல் மெஷின் போலத்தான். நொடிக்கு நூறு தடவை என்ற அளவில் ஊசி மேலும் கீழும் போய் வருகிறது. வலியைச் சொல்லும் நரம்பு நுனிகள் இந்தச் சதையிலும் அதற்கு மேலேயும் புல் மாதிரிப் பரவிக் கிடக்கின்றன. மேல்கையின் வெளிப்பக்கம் மெத்தை போன்றது, குத்து அவ்வளவாக உறைக்காது. விலா, முழங்கை முட்டி, கணுக்கால், பாதம் எல்லாம் கட்டாந்தரையில் பாய் விரித்த மாதிரி. தோலுக்கு அடியிலேயே எலும்பு. அக்குளும் கையின் உள்பக்கமும் தோல் மெலிந்த இடங்கள், அங்கேயும் சுள்ளென்றிருக்கும். அதனால் முதல் டாட்டூவுக்கு இடம் தேர்ந்தெடுப்பதே வலிக்கான முதல் தயாரிப்பு.

பிறகு சேதி: கடுகும் பருப்பும்

கரித்துணி இல்லாமல் சூடான பாத்திரத்தைப் பிடித்துவிட்டால் என்ன ஆகிறது? முதலில் சுரீர். கை தானாக விலகுகிறது. அதன் பிறகுதான் திகுதிகுவென்று ஒரு எரிச்சல் மெதுவாக வந்து உட்கார்கிறது. இரண்டும் இரண்டு வகை நரம்பு வழியாக வருகின்றன. சுரீரைக் கொண்டுவரும் நரம்பில் சேதி நொடிக்கு 30 மீட்டர் வரை ஓடும். இது எண்ணெயில் விழுந்த கடுகு. எரிச்சலைக் கொண்டுவரும் நரம்பில் நொடிக்கு ஒரு மீட்டர் அளவுதான். இது குக்கரில் வேகும் பருப்பு.

டாட்டூவில் முதலில் கோடு போடுவார்கள். அப்போது கடுகு வெடிப்பதுதான் அதிகம் தெரியும். பிறகு ஷேடிங். அகலமான ஊசிக் கட்டு ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போகும். அப்போது பருப்பு வேகத் தொடங்கும். சுரீரென்பது வந்து போகும், எரிச்சல் தங்கிவிடும் என்று முன்கூட்டியே தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

அடுத்தது வாசல்: தலைக்கு மேல் விமானம்

சேதி நேரே மூளைக்குப் போவதில்லை. நடுவில் தண்டுவடத்தில் ஒரு வாசல் இருக்கிறது. இதை எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்வது சுலபம். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் பொழிச்சலூரில் தலைக்கு மேல் தாழ்ந்து போகும்போது, எதிரில் நிற்பவர் பேசிக்கொண்டேதான் இருப்பார், நம் காதில் ஒன்றும் ஏறாது. வலியும் அப்படித்தான். தொடுதல், அழுத்தம், அதிர்வு எல்லாம் சேர்ந்து அந்த வாசலில் சத்தம் போட்டால் வலியின் குரல் அமுங்கிவிடும். அதனால்தான் முட்டியை இடித்துக்கொண்டால் உடனே தேய்க்கிறோம். மூளையும் மேலிருந்து இந்த வாசலைச் சாத்தவும் திறக்கவும் செய்யும். கவனம் வேறு பக்கம் போனால் சாத்துகிறது, பயந்தால் அகலத் திறந்துவிடுகிறது. ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்ற இருவர் 1965-இல் இதை அறிவியல் கோட்பாடாக வைத்தார்கள். நுணுக்கங்கள் பிறகு திருத்தப்பட்டன. வாசல் என்ற அடிப்படைக் கருத்து நிலைத்துவிட்டது.

ஆனால் இந்த வாசலை அதற்கு முன்பே அறிந்தவர்கள் நம்மிடையே இருந்தார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், 1909-இல் வெளிவந்த தன் தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூலில், பச்சை குத்தும் குறவர் சமூகத்துப் பெண்களைப் பற்றி எழுதியிருக்கிறார். மஞ்சள் பொடியையும் அகத்தி இலையையும் துணியில் சுருட்டித் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரித்து, கவிழ்த்த புதுச் சட்டியில் படியும் கரியை மையாக்குவார்கள். தையல் ஊசிகளைச் சேர்த்துக் கட்டிக் குத்துவார்கள். குத்தும்போது, வலியிலிருந்து கவனம் திரும்புவதற்காகப் பாடுவார்கள்.

என் பாட்டியின் முன்கையில் அப்படி ஒரு புள்ளிக் கோலம் இருந்தது. புளி போட்டுப் பித்தளைக் குடம் தேய்க்கும்போது, ஈரக் கையில் அந்தக் கோடுகள் கரும்பச்சையாக மினுங்கும். ஓரங்கள் கலங்கிப்போயிருந்தாலும் ஒரு புள்ளி குறையவில்லை. குத்தியபோது வலித்ததா என்று கேட்டால், "அவ பாட்டுலயே பாதி நேரம் போயிடுச்சு" என்பாள். பாட்டு அந்தத் தொழிலில் ஊசியைப் போலவே ஒரு கருவி. ஆகவே நீங்களும் காதுக்குப் பிடித்த பாட்டையோ, பேச்சுத் துணைக்கு ஒரு ஆளையோ கட்டாயம் கொண்டுபோங்கள்.

மூன்றாவது மணி நேரம்: காய்ந்த தோசைக்கல்

முதல் மணி நேரம் பொறுக்க முடிந்தது மூன்றாவதில் ஏன் பொறுக்க முடிவதில்லை? தோசைக்கல்லைப் பாருங்கள். முதல் தோசை வெளுத்து வரும். பத்தாவது தோசை அதே தீயில் கருகும். தீ மாறவில்லை, கல் காய்ந்துவிட்டது. தோலிலும் இதுதான் நடக்கிறது. குத்துப்பட்ட செல்களிலிருந்து புராஸ்டகிளாண்டின் போன்ற பொருட்கள் கசிகின்றன. அவை பக்கத்து நரம்பு நுனிகளை உசுப்பிவிடுகின்றன. அப்புறம் ஈரத் துணியால் துடைத்தாலே எரியும். கூடவே பசியும் களைப்பும் சேர்ந்துகொள்ளும்.

காய்ந்த கல்லில் தண்ணீர் தெளிப்பது போல இடைவெளி வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து, கைகால் நீட்டி, ஏதாவது சாப்பிட்டு வாருங்கள். ஒரே இடத்தில் தொடர்ந்து குத்தாமல் வேறு பக்கம் போகலாமா என்றும் கேளுங்கள்.

மயக்கம்: மாடிக் குழாய்

சிலருக்கு வலியைவிட மயக்கம்தான் பிரச்சினை. வலியோ பயமோ அதிகமானால் சிலருக்கு இதயத் துடிப்பு சட்டென்று குறையும், ரத்தக் குழாய்கள் தளரும். மோட்டாரும் மெதுவாகி, கீழ் வீட்டுக் குழாய்கள் எல்லாம் திறந்துகொண்டால் மாடிக் குழாயில் தண்ணீர் ஏறுமா? மூளைதான் அந்த மாடிக் குழாய். கண் இருட்டும், காது அடைக்கும், குமட்டும், குளிர்ந்த வியர்வை வரும். இவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே சொல்லிவிட்டுப் படுத்துக் காலை உயர்த்திக்கொள்ளுங்கள். குழாயையே கீழே இறக்குகிறோம், தண்ணீர் தானாக வந்துவிடும்.

இதற்கான தயாரிப்பு முந்தின நாளே தொடங்குகிறது. நன்றாகத் தூங்குங்கள். தூக்கம் கெட்டால் வலி கூடுதலாகத் தெரியும். கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு இட்லி, முட்டை என்று வயிறு நிறையச் சாப்பிடுங்கள். சென்னை வெயிலில் வியர்வையாகவே பாதித் தண்ணீர் போய்விடும். உப்புப் போட்ட மோர் ஒரு பாட்டில், கடலை மிட்டாய் நாலு பையில் இருக்கட்டும்.

மூச்சு: குக்கர் விசில்

வலிக்கும்போது எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். ஆவி போக வழியில்லாத குக்கர் மாதிரி உடம்பு இறுகுகிறது. விசிலைக் கொஞ்சம் தூக்கிவிடுங்கள். ஊசி தொடும்போது மூச்சை மெல்ல வெளியே விடுங்கள். நாலு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே. மூச்சு நீளமாக வெளியே போகும்போது இதயத் துடிப்பு தணிகிறது. தோள் தானாக இறங்கும்.

செய்யக் கூடாதவை

தைரியத்துக்காக மது குடித்துவிட்டுப் போகாதீர்கள். ரத்தக் கசிவு கூடும், உடம்பின் நீரும் வற்றும். வலிக்கு முன்கூட்டியே ஆஸ்பிரின் போடாதீர்கள், அது ரத்தம் உறைவதைத் தடுக்கும். ஆனால் மருத்துவர் எழுதிக் கொடுத்து ஏற்கெனவே சாப்பிடும் மருந்தை நீங்களாக நிறுத்தவும் கூடாது. அவரிடம் கேட்டுவிட்டு நாள் குறியுங்கள்.

மரத்துப்போகச் செய்யும் களிம்புகளில் பெரும்பாலும் லிடோகெய்ன் இருக்கும். அது நரம்பின் சேதியையே நிறுத்திவிடும். 4 சதவீதத்துக்கு மேல் லிடோகெய்ன் உள்ள களிம்புகளை டாட்டூவுக்கு முன் தடவ விற்பதை எதிர்த்து, அமெரிக்க மருந்து நிர்வாகம் 2024 மார்ச்சில் எச்சரிக்கை வெளியிட்டது. அகலமாகத் தடவி, மேலே பிளாஸ்டிக் சுற்றினால் மருந்து ரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், வலிப்பும் வரலாம்.

ஊசி உங்கள் கண்முன் புது உறையிலிருந்து பிரிக்கப்பட வேண்டும். பச்சை குத்தியவர் இந்தியாவில் 12 மாதம் ரத்ததானம் செய்யக் கூடாது என்று விதி வைத்திருப்பதே ஊசி வழியாக மஞ்சள் காமாலைக் கிருமிகள் பரவலாம் என்பதால்தான். பாட்டி காலத்தில் குத்தின இடத்தில் மஞ்சள் பூசினார்கள். இன்று சமையல் மஞ்சளைத் திறந்த புண்ணில் வைக்க வேண்டாம். இரண்டு மூன்று நாளுக்குப் பிறகும் சிவப்பு பரவினாலோ, சீழோ காய்ச்சலோ வந்தாலோ மருத்துவரிடம் போங்கள்.

எப்போது அடுப்பை அணைப்பது?

பால் பொங்கி வழிந்த பிறகு அணைப்பவருக்கு அடுப்பைத் துடைக்கும் வேலைதான் மிச்சம். உடம்பு நடுங்கத் தொடங்கினால், அசையாமல் இருக்க முடியாவிட்டால், அன்றைக்கு அவ்வளவுதான். நடுங்கும் கையில் கோடும் நேராக வராது. பெரிய டாட்டூவை நாலைந்து வார இடைவெளி விட்டு, பல சிட்டிங்கில் முடிப்பது எல்லோரும் செய்வதுதான்.

மறு ஞாயிறு அவன் வந்தான். முன்கையில் கோடுகள் மட்டும் இருந்தன, உள்ளே நிறம் இல்லை. "மூணு மணி நேரத்துல கை நடுங்குச்சு சித்தி. போதும்னு சொல்லிட்டேன். ஷேடிங் அடுத்த மாசம்" என்றான். அவன் குரலில் தோற்ற மாதிரி ஒன்றுமில்லை. தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துவிட்டு அவனுக்கு முதல் தோசையை ஊற்றினேன்.