ஓடட்டும் பிள்ளை!
ஒன்று முதல் மூன்று வயது வரை: பெற்றோருக்கு ஒரு கையேடு

ஒன்றரை வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் அப்பாவுக்கு ஒரு கால் செருப்புதான் கிடைக்கும். மற்றது அரிசி டப்பாவுக்குள் இருக்கும். டிவி ரிமோட் தண்ணீர்க் குடத்தில் மிதக்கும். துவைத்து மடித்து வைத்த துணி, அம்மா திரும்பிப் பார்ப்பதற்குள் தரையில் பரவியிருக்கும். குற்றவாளியோ கைதட்டிச் சிரித்துக்கொண்டிருக்கும்.

சென்னையின் யானைக்கவுனியிலும் வால்டாக்ஸ் சாலையிலும் சவுகார்பேட்டைச் சந்துகளிலும் இந்தச் சேட்டைகள் பெரும்பாலும் ஓர் அறைக்குள்ளேயே நடந்தாக வேண்டும். வாசலைத் தாண்டினால் பார்சல் லாரியும் மீன்பாடி வண்டியும் மோட்டார் பைக்கும் வரும். மாடிப்படி செங்குத்தாக இருக்கும். அதனால் அம்மாவும் ஆயாவும் நாள் முழுக்கச் சொல்வது ஒரே சொல்: "ஓடாதே!" பயத்தில் வரும் அந்தச் சொல்லில் நியாயம் உண்டு. ஆனால் ஓடுவதுதான் இந்த வயதின் வேலை. பிள்ளையை உட்கார வைப்பதைவிட, ஆபத்தில்லாமல் ஓட வழி செய்து தருவதே நம் பொறுப்பு.

ஏன் ஒரு நிமிடம்கூட சும்மா இருப்பதில்லை?

பெரும்பாலான குழந்தைகள் ஒரு வயதையொட்டி நடக்கத் தொடங்குகின்றன. ஒன்றரை வயதைத் தாண்டும்போது ஓடப் பார்க்கின்றன. புதிதாக வந்த கால்பலத்தை நாள் முழுக்கப் பயன்படுத்திப் பார்க்கத் துடிக்கின்றன. கரண்டியைப் பத்து முறை கீழே போடும் பிள்ளை நம்மை வெறுப்பேற்றுவதற்காகப் போடவில்லை. போட்டால் என்ன சத்தம் வருகிறது, யார் எடுத்துத் தருகிறார்கள் என்று கற்றுக்கொள்கிறது. "வேண்டாம்" என்ற சொல் அதற்குப் புரிந்தாலும், கையை நிறுத்தும் கட்டுப்பாட்டை மூளை இன்னும் முழுதாகப் பெறவில்லை.

ஒன்று முதல் நான்கு வயது வரையிலான குழந்தைகள் ஒரு நாளில் மொத்தமாக 180 நிமிடமாவது உடலை அசைத்து விளையாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பரிந்துரைத்தது. உயரமான குழந்தை நாற்காலியிலோ தள்ளுவண்டியிலோ ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டி வைக்கக் கூடாது என்றும் அது சொல்கிறது. "இவன் ரொம்ப வாலு, ஏதாவது கோளாறா?" என்று கேட்கும் பெற்றோர் முதலில் பார்க்க வேண்டியது, அவன் ஓட இடம் கிடைக்கிறதா என்பதைத்தான்.

சின்ன வீட்டில் மூன்று மணி நேரம் விளையாட்டா?

முடியும். மூன்று மணி நேரமும் ஒரே தடவையாக வேண்டியதில்லை. காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம், நடுவில் துண்டு துண்டாக இருந்தால் போதும்.

மொத்த வியாபாரக் கடைகள் நிறைந்த நம் பகுதியில் அட்டைப் பெட்டிக்குப் பஞ்சமில்லை. பெரிய பெட்டி ஒன்றில் பின்னை எடுத்துவிட்டுக் கொடுத்தால், தள்ளவும் உள்ளே ஏறி இறங்கவும் அதுவே போதும். தலையணைகளைக் குவித்து ஏற விடலாம். துணி காயப்போடும்போது கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரச் சொல்லலாம். துடைப்பத்தோடு பின்னால் வந்தால் தடுக்க வேண்டாம். வேலை இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். ஆனால் பிள்ளை அசைந்துகொண்டும் பேசிக்கொண்டும் இருக்கும்.

மொட்டை மாடிக்கு அழைத்துப் போனால் பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்திலேயே நிற்க வேண்டும். வாரத்தில் சில நாளாவது மை லேடீஸ் பூங்கா, ராயபுரம் அண்ணா பூங்கா போன்ற திறந்த இடங்களுக்குக் கூட்டிப் போங்கள். அப்பாவும் தாத்தாவும் இதை ஏற்றுக்கொண்டால் அம்மாவுக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கும்.

சாப்பாட்டுப் போராட்டம்

முதல் ஆண்டில் பிள்ளையின் எடை ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. இரண்டாம் ஆண்டில் ஏறுவது இரண்டு, இரண்டரை கிலோதான். வளர்ச்சியின் வேகம் குறையும்போது பசியும் குறையும். "முன்னாடி நல்லா சாப்பிட்டான், இப்போ வாயே திறக்கலை" என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் இதுவே. என்ன கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்யுங்கள். எவ்வளவு என்பதைப் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். துரத்தித் துரத்தி ஊட்டினால் சாப்பாட்டின் மேல் வெறுப்புதான் வளரும்.

பாலைக் கொடுத்து வயிற்றை நிரப்பிவிட வேண்டாம். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் பசும்பால் குடிக்கும் பிள்ளைக்குச் சோற்றில் நாட்டம் போய்விடும், இரும்புச்சத்தும் குறையும். 2019-21-இல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வில், தமிழகத்தில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருப்பது தெரியவந்தது. முட்டை, ஈரல், முள் நீக்கிய மீன், கேழ்வரகு, முருங்கைக் கீரை, பருப்பு ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுங்கள். அங்கன்வாடியிலும் அரசு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இரும்புச்சத்து சிரப்பு, வைட்டமின் ஏ, குடற்புழு நீக்க மருந்து பற்றிக் கேட்டு, உரிய நாளில் தவறாமல் கொடுங்கள்.

கைபேசி ஆயா ஆகாது

ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு வயதில் அதிகபட்சம் ஒரு மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. கைபேசியைக் கொடுத்தால் பிள்ளை அடங்கி உட்காருவது உண்மை. ஆனால் அந்த நேரமெல்லாம் பிள்ளை ஓட வேண்டிய, பேச வேண்டிய, நம் முகம் பார்க்க வேண்டிய நேரம். திரை பார்த்துக்கொண்டே சாப்பிடும் பிள்ளைக்குத் தன் வயிறு நிறைந்ததும் தெரிவதில்லை.

தூக்கத்தையும் கவனியுங்கள். ஒன்று, இரண்டு வயதில் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் வேண்டும். ராத்திரி பதினொரு மணிக்கும் பிள்ளை குதித்துக்கொண்டிருந்தால் பல நேரம் அது தூக்கம் மீறிய களைப்பு. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே டிவியையும் கைபேசியையும் அணைத்துவிட்டு, தினமும் ஒரே நேரத்தில் கதை சொல்லிப் படுக்க வையுங்கள்.

நடுக்கடையில் புரண்டு அழுதால்

மின்ட் தெருக் கடை வாசலில் பிள்ளை தரையில் புரண்டு அழும்போது ஊரே நம்மைப் பார்ப்பதுபோல் இருக்கும். இரண்டு வயதில் இந்த அடம் மிகச் சாதாரணம். ஆசை பெரிது, அதைச் சொல்ல வார்த்தை போதாது. அடிப்பதும் கத்துவதும் அழுகையை வளர்க்கும். அடிபடாத இடத்துக்குத் தூக்கிச் சென்று, பக்கத்தில் அமைதியாக இருங்கள். "பலூன் வேணும்னு கோபமா இருக்கியா?" என்று அதன் மனதைச் சொல்லிக் காட்டுங்கள். அழுததற்காக அந்தப் பொருளை வாங்கித் தராதீர்கள். பசி, தூக்கம், சூடு இவற்றால்தான் அடம் அதிகம் வருகிறது. கடைக்குப் போகும் முன் இந்த மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள் இருக்கும் ஆபத்துகள்

பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து வீட்டை ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.

தண்ணீர்: பிடித்து வைத்த பக்கெட்டிலும் டிரம்மிலும் தலைகுப்புற விழுந்தால் பிள்ளையால் எழ முடியாது. சில அங்குலத் தண்ணீரே உயிரைப் பறிக்கும். மூடி வையுங்கள், குளியலறைக் கதவைத் தாழிடுங்கள்.

சூடு: குழம்பு, டீ, வடித்த கஞ்சி ஆகியவற்றைத் தரையில் வைக்காதீர்கள். கொட்டிவிட்டால் சுட்ட இடத்தை ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, மை, மாவு எதையும் தடவ வேண்டாம்.

ரசாயனம்: ஆசிட், பினாயில், மண்ணெண்ணெயைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

விழுங்கும் பொருள்: வேர்க்கடலை, முழு திராட்சை, நாணயம், பாசி மணி மூச்சுக்குழலை அடைக்கலாம். ரிமோட்டிலும் பொம்மையிலும் இருக்கும் பொத்தான் பேட்டரி மிகக் கொடியது. இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கும்.

மூச்சு அடைத்து, இருமவும் அழவும் முடியாமல் பிள்ளை திணறினால், முன்புறம் சாய்த்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை தட்டுங்கள். அடைப்பு வெளிவராவிட்டால், ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைக்குத் தொப்புளுக்குச் சற்று மேலே ஐந்து முறை உள்நோக்கி, மேல்நோக்கி அழுத்துங்கள். வாய்க்குள் கண்ணால் பார்க்க முடியாத பொருளை விரல் விட்டுத் தோண்ட வேண்டாம். ஒருவர் இதைச் செய்யும்போதே இன்னொருவர் 108-ஐ அழைக்க வேண்டும்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

துறுதுறுப்பு நோயல்ல. ஆனால் ஒரு வயதிலும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாதது, ஒன்றரை வயதிலும் நடக்காதது, விரல் நீட்டிக் காட்டாதது, ஒரு சொல்லும் பேசாதது, இரண்டு வயதில் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாதது, கற்ற சொல்லையும் பழக்கத்தையும் இழப்பது: இவற்றில் எது தெரிந்தாலும் "பையன் லேட்டாத்தான் பேசுவான்" என்று காத்திருக்காதீர்கள். எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையும் ஸ்டான்லி மருத்துவமனையும் நமக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. போக வேண்டிய இடம் தெரியாவிட்டால் 104-ஐ அழைத்துக் கேட்கலாம்.

நாள் முழுக்கப் பிள்ளை பின்னால் ஓடும் தாய்க்கும் களைப்பு உண்டு, கோபம் உண்டு. கை ஓங்கத் தோன்றினால் பிள்ளையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு ஐந்து நிமிடம் தள்ளி நில்லுங்கள். அப்பாக்களே, கடை மூடி வந்ததும் ஒரு மணி நேரம் பிள்ளையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். இன்றைக்கே பக்கெட்டை மூடுங்கள், படிக்கட்டுக்குக் கதவு போடுங்கள், கைபேசியை எடுத்து வையுங்கள். அப்புறம் ஓடட்டும் பிள்ளை.