போதகரின் வாழ்க்கை ஏன் எழுதப்படவில்லை: மலையடிவாரத்துப் பெந்தெகொஸ்தே வரலாறும் 1950ஆம் ஆண்டு ஆணையும்

தென்காசி மாவட்டம் சுரண்டையில் 1935ஆம் ஆண்டு பிறந்தவர் டி. ஜி. எஸ். தினகரன். வங்கி ஊழியராகப் பணியாற்றியவாறே ஊழியத்தில் இறங்கி, ‘இயேசு அழைக்கிறார்’ அமைப்பை உருவாக்கி, 2008இல் மறைந்தார். தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவரே ஆயினும், சுகமளிக்கும் கூட்டங்கள், தீர்க்கதரிசனம், ஆவியின் வரங்கள் எனப் பெந்தெகொஸ்தே மரபின் கூறுகளைத் தமிழகமெங்கும் கொண்டு சென்றவர் அவர். அவர் வாழ்வை ஆராய விரும்பும் மாணவருக்கு நூல்கள், மாத இதழ்கள், ஒலிநாடாக்கள், காணொளிகள், 1986இல் தொடங்கிய காருண்யா கல்வி நிறுவனம் எனச் சான்றுகள் குவிந்து கிடக்கின்றன.

அதே சுரண்டையிலிருந்து குற்றாலம் வரையுள்ள மலையடிவாரத்துச் சேரிகளில், தகரக்கூரை ஜெபவீடுகளில் வாழ்நாளெல்லாம் ஊழியம் செய்து மறைந்த தலித் போதகர்களைப் பற்றி அம்மாணவர் எழுத முனைந்தால் அவர் கையில் என்ன கிடைக்கும்? ஒரு கன்வென்ஷன் துண்டறிக்கை, அடக்க ஆராதனைக்கு அச்சடித்த ஒரு தாள், பிள்ளைகளின் நினைவு. பெரும்பாலும் அவ்வளவே.

இதற்கு வழக்கமாக மூன்று காரணங்கள் சொல்லப்படுகின்றன: வறுமை, எழுத்தறிவின்மை, கர்த்தரின் வருகை சமீபம் என்று நம்பும் சபை பழையனவற்றைச் சேர்த்து வைப்பதில் நாட்டம் கொள்ளாமை. மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் நான்காவது காரணம் ஒன்றும் உண்டு. தலித் போதகர் ஒருவரின் வரலாறு எழுதப்படுமானால், அந்த எழுத்தே அவருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் எதிரான சாட்சியமாக மாறும் நிலையைச் சட்டம் உருவாக்கி வைத்திருக்கிறது.

எழுதப்பட்ட வரலாறும் பெயரற்றோரும்

பெந்தெகொஸ்தே இயக்கத்தின் தொடக்கத்தை 1906ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலீஸ் அசூசா தெருவில் நடந்த எழுப்புதலில் காண்பது வழக்கம். அதற்கு நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னரே, 1860–61இல், திருநெல்வேலிச் சீமையில் ஜான் கிறிஸ்தியான் அருளப்பனைச் சுற்றி அந்நியபாஷையும் தீர்க்கதரிசனமும் நிறைந்த எழுப்புதல் ஒன்று நிகழ்ந்தது. வத்திராயிருப்பு அருகே அவர் அமைத்த கிறிஸ்தியான்பேட்டை இன்று விருதுநகர் மாவட்டத்தில் உள்ளது. இச்செய்தி உலகறிந்ததற்குக் காரணம், அருளப்பன் நாட்குறிப்பு எழுதியதும், ஜி. எச். லாங் என்பவர் 1939இல் அதை நூலாக வெளியிட்டதுமே. ஒரு நாட்குறிப்பு பிழைத்ததால் ஒரு வரலாறு பிழைத்தது. அந்த எழுப்புதலில் பங்குகொண்ட எளிய மக்களுள் மிகச் சிலரின் பெயர்களே நமக்கு எட்டியிருக்கின்றன.

1920களில் இலங்கையில் தோன்றிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் வேறொரு வாழ்முறையைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தது. கேரளத்தில் ராமன்குட்டியாகப் பிறந்து பாஸ்டர் பால் என அறியப்பட்டவர் அதன் நிறுவனர். அதன் ஊழியர்கள் மணம் புரிவதில்லை, சம்பளம் பெறுவதில்லை, வெள்ளுடை அணிந்து, உடைமைகளைத் துறந்து, விசுவாச வீடுகளில் கூடி வாழ்கின்றனர். இத்தகைய துறவில் பழைய அடையாளங்கள் அனைத்தும் களையப்படுகின்றன. சாதிப் பெயரால் இழிவுபடுத்தப்பட்டவருக்கு அது விடுதலை என்பதில் ஐயமில்லை. ஆனால் சபைகள் வெளியிடும் சாட்சி நூல்களிலும் நினைவு மலர்களிலும் சாதி பேசப்படாதபோது, யார் யாருக்குக் கீழ்ப்பட்டிருந்தனர் என்பதும் சேர்ந்தே மறைந்துவிடுகிறது.

தென்காசி வட்டாரத்தை ஆராய்வோர் மலையின் மறுபுறத்தையும் பார்க்க வேண்டும். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், பின்னர் திருவிதாங்கூர்–கொச்சி ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. கொல்லம்–செங்கோட்டை இருப்புப்பாதை 1904 முதல் ஆரியங்காவு கணவாய் வழியே இருபுறத்தையும் இணைக்கிறது. அப்பாதையிலுள்ள புனலூரில் அசெம்பிளிஸ் ஆஃப் காட் சபையின் பெத்தேல் வேதாகமக் கல்லூரி இயங்கி வருகிறது. ஆகவே இவ்வட்டாரத்தின் பழைய ஆவணங்களைத் திருவனந்தபுரத்திலும் மலையாள நூல்களிலும் தேட வேண்டியிருக்கும். கேரளத்தில் தலித் மக்கள் பெந்தெகொஸ்தே சபைகளில் திரளாகச் சேர்ந்தனர். தலைமையோ பெரிதும் சிரியன் கிறிஸ்தவர் கையில் இருந்தது. 1972இல் சர்ச் ஆஃப் காட் சபையின் தலித் போதகர்கள் தனி நிர்வாகப் பிரிவாகப் பிரிந்தனர். 1922 முதல் 1972 வரையிலான இந்த அரை நூற்றாண்டைத் தலித்துகளின் பங்களிப்பை மையமாக வைத்து ஆராய்ந்தவர் டி. எஸ். சாமுவேல்குட்டி. அத்தகைய நூல் தென்காசிக்கும் திருநெல்வேலிக்கும் வேண்டும்.

தென்னிந்தியா முழுமைக்கும் மிகைல் பெர்குண்டரின் ஆய்வு இன்றியமையாதது. 1999இல் ஜெர்மனிலும் 2008இல் ஆங்கிலத்திலும் வெளிவந்த அந்நூல், போதகர்களை நேரில் கண்டு பெற்ற வாய்மொழிச் செய்திகளைப் பெரிதும் சார்ந்தது. நத்தானியல் ராபர்ட்ஸ் 2016இல் வெளியிட்ட நூல், சென்னைச் சேரி ஒன்றின் பெண்களும் போதகர்களும் இவ்விசுவாசத்தை எவ்வாறு வாழ்கின்றனர் என்பதைக் கூர்ந்து நோக்குகிறது. அமெரிக்காவின் மிசூரி மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் உள்ள ஃபிளவர் பெந்தெகொஸ்தே மரபு மையம் பழைய மிஷனரி இதழ்களை இணையத்தில் ஏற்றியிருக்கிறது. அவற்றைப் படிப்போர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும்: மிஷனரியின் பெயரும் ஊரும் உள்ள பக்கத்தில், அவருக்கு வழிகாட்டிய உள்ளூர் ஊழியர் பல நேரங்களில் ‘சுதேசி ஊழியர்’ என்று மட்டுமே குறிக்கப்பட்டிருப்பார்.

மூன்றாவது பத்தி

1950ஆம் ஆண்டின் அரசியலமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து மதத்தைத் தவிர வேறு மதத்தைப் பின்பற்றுவோர் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் இன்றும் வெளியே நிற்கின்றனர். மதம் மாறியபின்னும் சாதிக்கொடுமை அதே கடுமையுடன் தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று வேண்டும் என்று 1985ஆம் ஆண்டு சூசை வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அச்சான்றை உருவாக்கக்கூடிய வாழ்க்கை வரலாறுகளை எழுதவொட்டாமல் தடுப்பதும் அதே பத்திதான்.

அண்மைத் தீர்ப்புகளைப் பாருங்கள். 2024 நவம்பர் 26 அன்று, புதுச்சேரிப் பெண் ஒருவரின் பட்டியல் சாதிச் சான்றிதழ்க் கோரிக்கையை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. குழந்தைப் பருவத்தில் அவருக்குக் கொடுக்கப்பட்ட ஞானஸ்நானத்தின் பதிவும் அங்கே சான்றாக நின்றது. 2025 ஏப்ரல் 30 அன்று, குண்டூர் மாவட்டப் போதகர் ஒருவர் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தப்பட்டதாகத் தொடுத்த வன்கொடுமை வழக்கை ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அவரிடம் சாதிச் சான்றிதழ் இருந்தது. ஆனால் பத்து ஆண்டுகளாகப் போதகராக இருந்தார் என்பதால் அச்சட்டத்தின் பாதுகாப்பு அவருக்கு இல்லை என்றாயிற்று. மாறாக, 2021 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம், மருத்துவமனைச் சுவரில் சிலுவை இருந்ததைக் காட்டி இராமநாதபுரம் மாவட்ட மருத்துவர் ஒருவரின் சான்றிதழை ரத்து செய்தது தவறென்று தீர்ப்பளித்தது. சுவரில் தொங்கும் சிலுவை வரை அதிகாரிகள் கணக்கெடுக்கின்றனர் என்பதை அவ்வழக்கு நமக்குக் காட்டுகிறது.

தமிழகத்தில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானோர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். உள்ளாட்சித் தனித்தொகுதியும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அவர்களுக்கு இல்லை. இந்நிலையில் எந்த ஆண்டு ஞானஸ்நானம் பெற்றீர்கள், எந்த ஊரில் சபை தொடங்கினீர்கள் என்று கேட்டால் முதிய போதகர் ஏன் மௌனமாகிறார் என்பது விளங்கும். நாம் அவருடைய ஊழியத்தைக் கேட்கிறோம். அவர் காதில் விழுவது பேரப்பிள்ளையின் கல்லூரி இடம்.

அரசு எழுதிய பக்கங்கள்

சபை எழுதாததை, தன் நோக்கத்துக்காக, அரசு எழுதியிருக்கிறது. 1981 பிப்ரவரி 19 அன்று இதே தென்காசி வட்டாரத்தின் மீனாட்சிபுரத்தில் தலித் மக்கள் கூட்டமாக இஸ்லாத்தைத் தழுவினர். நாடே அதிர்ந்தது; ஆய்வு நூல்களும் விசாரணை அறிக்கைகளும் எழுந்தன. அக்கம்பக்கத்து ஊர்களில் ஒருவர் ஒருவராக ஜெபவீட்டுக்குச் சென்றவர்களின் கதைக்கு அப்படியொரு கவனம் கிட்டவில்லை.

ஆயினும் கோப்புகள் உண்டு. 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிக் கட்டட விதிகள், வழிபாட்டுக் கட்டடத்துக்கு மாவட்ட ஆட்சியரின் முன்னனுமதியைக் கட்டாயமாக்கின. அதனால் ஜெபவீடு தொடர்பான மனுக்கள், ஆட்சேபணைகள், காவல்துறை அறிக்கைகள், உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் ஆணைகள் ஆகியவை போதகரின் வாழ்க்கைக்கும் சான்றுகளாகின்றன. நிலப் பத்திரம், வில்லங்கச் சான்று, சங்கப் பதிவு, அறக்கட்டளை ஆவணம் ஆகியவையும் அவ்வாறே.

மரணமும் கோப்பாகிறது. 2025 ஜனவரியில் சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியில் இறந்த தலித் கிறிஸ்தவப் போதகர் ஒருவரின் உடலைச் சொந்த ஊரில் அடக்கம் செய்ய ஊரார் மறுத்தனர். உடல் வாரக்கணக்கில் பிணவறையில் கிடந்தது. ஜனவரி 27 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் மாறுபட்ட கருத்துரைத்து, இறுதியில் வேறோர் இடத்தில் அடக்கம் செய்ய உத்தரவிட்டனர். அப்போதகரின் சாதி, குடும்பம், ஊர் அனைத்தும் தீர்ப்பில் பதிவாகியுள்ளன. வாழ்ந்தபோது எழுதப்படாதவர், அடக்கம் மறுக்கப்பட்டபோது எழுதப்பட்டார்.

சேகரிப்போர் செய்ய வேண்டியவை

முதலாவது, வாய்மொழிப் பதிவுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்பதை அறிந்து தொடங்க வேண்டும். வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொல்வதற்கு உள்ள பாதுகாப்பு, ஆய்வாளரிடம் சொல்வதற்குக் கிடையாது. நீதிமன்றம் கேட்டால் ஒலிப்பதிவைத் தர வேண்டி நேரலாம். இதைப் பேசுவோரிடம் முன்னரே தெளிவாகச் சொல்ல வேண்டும். எதைப் பதிவது, எப்போது வெளியிடுவது, எந்தப் பெயரை மறைப்பது என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

இரண்டாவது, காத்திருக்காத பொருள்களை உடனே காப்பாற்ற வேண்டும். துண்டறிக்கைகள், கையெழுத்துப் பாட்டுப் புத்தகங்கள், ஒலிநாடாக்கள், காணிக்கைக் கணக்கேடுகள் ஆகியவை மழையிலும் கரையானிலும் அழிகின்றன. மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி போன்ற நிறுவனங்கள் இவற்றுக்கு இடமளிக்க முன்வர வேண்டும்.

மூன்றாவது, போதகரின் மனைவியையும் கேட்க வேண்டும். மாதச் சம்பளம் இல்லாத ஊழியத்தில் அடுப்பெரிந்தது எவ்வாறு என்பதை அறிந்தவர் அவரே.

இவையெல்லாம் இடைக்கால ஏற்பாடுகளே. மூன்றாவது பத்தியை நீக்குமாறு ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. தலித் கிறிஸ்தவரையும் பட்டியல் சாதியினராக ஏற்கக் கோரித் தமிழகச் சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் நிறைவேற்றியது. 2022 அக்டோபரில் கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஒன்றிய அரசு மற்றுமோர் ஆணையம் அமைத்தது. இவை அனைத்தும் இட ஒதுக்கீட்டுக் கோரிக்கையாகவே பேசப்படுகின்றன. தன் வாழ்க்கையைத் தன் பெயரில், அச்சமின்றிச் சொல்லும் உரிமையும் இதில் அடங்கியிருக்கிறது. அப்பத்தி நீங்கும் நாளில்தான் மலையடிவாரத்துப் போதகர் தம் ஞானஸ்நான நாளை உரக்கச் சொல்ல முடியும்.