அயலார் கண்ணில் நாம்

வளரும் நாடுகளைப் பற்றி அயலார் எழுதும் நூல்களுள் சில நம்மை இகழும்; சில நம்மைப் புகழும். இகழ்வதைக் கண்டால் சினம் கொள்கிறோம். புகழ்வதைக் கண்டால் பூரித்துப் போகிறோம். ஆனால் இவ்விரண்டிலும் ஒரே பிழை இருக்கக்கூடும். அப்பிழை யாது, அதனால் விளையும் தீங்கு யாது என்பதை இரு நூல்களைக் கொண்டு காண்போம்.

முதல் நூல் 1968-இல் வெளிவந்த 'மக்கள்தொகை வெடிகுண்டு'. எழுதியவர் பால் எர்லிக், அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் உயிரியல் அறிஞர், பட்டாம்பூச்சிகளை ஆராய்ந்தவர். 1966-இல் குடும்பத்தோடு தில்லிக்கு வந்த அவர், வெக்கை மிகுந்த ஓர் இரவில் நெரிசலான ஏழைக் குடியிருப்பின் வழியே வாடகைக் காரில் சென்றார். தெருவில் கண்ட கூட்டம் அவரை அச்சுறுத்தியது. மக்கட்பெருக்கம் என்பதை அன்றுதான் உள்ளத்தால் உணர்ந்ததாக அவர் எழுதினார். 1970-களில் கோடிக்கணக்கானோர் பட்டினியால் மடிவர் என்றும் உறுதியாகக் கூறினார்.

அன்று தில்லியின் மக்கள்தொகை ஏறத்தாழ 28 இலட்சம். அதே காலத்தில் பாரிசிலும் அதன் புறநகரிலும் வாழ்ந்தோர் ஏறத்தாழ 80 இலட்சம். ஆகவே அவரை அஞ்ச வைத்தது மக்களின் எண்ணிக்கையன்று. அவர்களுடைய வறுமையே ஆகும்.

அவர் காணாத ஒன்றும் அதே தில்லியில் இருந்தது. அங்குள்ள பூசா வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் வயல்களில், கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதனும் அவருடைய தோழரும் மெக்சிகோ நாட்டுக் குட்டைக் கோதுமையைப் பயிரிட்டுச் சோதித்துக் கொண்டிருந்தனர். உணவமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியம் 1966-இல் அவ்விதையை 18,000 டன் தருவித்தார். 1964-65-இல் 123 இலட்சம் டன்னாக இருந்த நம் கோதுமை விளைச்சல், 1970-71-இல் 238 இலட்சம் டன் ஆயிற்று. 1960-களில் நம் நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஏறத்தாழ ஆறு குழந்தைகள். 2019-21 கணக்கெடுப்பின்படி இரண்டே. தமிழ்நாட்டில் அதனினும் குறைவு. வாடகைக் காரின் சன்னலிலிருந்து இவற்றையெல்லாம் எங்ஙனம் காண்பது?

'பிழையாகச் சொன்னார்; போகட்டும்' என்று விட்டுவிடலாமா? இயலாது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகள் உள்ள இந்திய ஆண்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யும் எண்ணம் இங்கு எழுந்தபோது, அமெரிக்கா அதனை வற்புறுத்தியிருக்க வேண்டும், ஹெலிகாப்டரும் அறுவைக் கருவிகளும் தந்திருக்க வேண்டும் என்று அந்நூலில் அவர் எழுதினார். பின்னர் நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 ஆகிய ஓராண்டில் மட்டும், 80 இலட்சத்திற்கு மேற்பட்டோருக்குக் கருத்தடை செய்யப்பட்டது. வற்புறுத்தலுக்கு ஆளானோருள் பெரும்பாலோர் ஏழைகள். அதற்குப் பொறுப்பு நம் ஆட்சியாளரே, எர்லிக் அல்லர். ஆயினும் ஏழையை மனிதனாகக் காணாமல் எண்ணாகக் காணும் கண் இருவர்க்கும் ஒன்றாக இருந்தது.

இரண்டாம் நூல் நம் பெங்களூரில் கருக்கொண்டது. நியூயார்க் டைம்ஸ் நாளேட்டின் கட்டுரையாளர் தாமஸ் பிரீட்மன் 2004-இல் இங்கு வந்தார். எலக்ட்ரானிக் சிட்டியில் இன்போசிஸ் வளாகத்தைக் கண்டார், நந்தன் நீலேகணியோடு உரையாடினார், கோல்ப் ஆடினார். 2005-இல் அவர் எழுதிய 'உலகம் தட்டையானது' என்னும் நூல், கோல்ப் திடலிலிருந்து தெரிந்த அமெரிக்க நிறுவனங்களின் கட்டடங்களோடு தொடங்குகிறது. அறிவும் கணினியும் இருந்தால் எந்நாட்டவரும் எவரோடும் போட்டியிடலாம் என்பது அதன் சாரம். ஏழைகளைப் பற்றியும் அவர் பின்னால் எழுதியுள்ளார். ஆனால் ஊரார் நினைவில் நின்றது தலைப்புத்தான்.

அத்திடலிலிருந்து மூன்று நான்கு கிலோமீட்டர் தொலைவில் உள்ளது நீலசந்திரா. நான் அங்கேதான் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். தமிழும் உருதும் கன்னடமும் ஒரே சந்தில் ஒலிக்கும் பகுதி அது. கொத்தனார், மின்பணியாளர், வீட்டுவேலை செய்யும் பெண்கள், அலுவலகங்களைத் துப்புரவு செய்வோர் எனப் பலர் விடியற்காலையில் அங்கிருந்து புறப்படுகின்றனர். அவர்களுடைய உலகம் தட்டையாக இல்லை. ஆனால் அது வெடிகுண்டும் அன்று.

ஆய்வுக்கூடத்தில் நாம் கற்கும் முதற்பாடம் ஒன்று உண்டு. ஓர் ஏரியின் நீரை அறிய வேண்டுமாயின், கழிவு விழும் இடத்தில் மட்டும் ஒரு குடுவை மொண்டால் போதாது. தெளிந்த கரையில் மட்டும் மொண்டாலும் போதாது. பல இடங்களில், பல பருவங்களில் மொள்ள வேண்டும். எர்லிக் ஒரு கரையில் மொண்டார்; பிரீட்மன் எதிர்க்கரையில் மொண்டார். இருவரும் ஏரி முழுவதற்கும் தீர்ப்பு எழுதினர். நான் சொன்ன பிழை இதுவே.

இப்பிழை அயல்நாட்டார்க்கு மட்டும் உரியதன்று. அண்மையில் எங்கள் தெருவுக்குக் கணக்கெடுக்க ஓர் இளைஞர் வந்தார். 'சொந்த வீடா, வாடகை வீடா?' என்று பக்கத்து வீட்டு அக்காவைக் கேட்டார். "ரெண்டும் இல்ல தம்பி, போக்கியத்துக்கு இருக்கோம்" என்றார் அக்கா. வீட்டுக்காரரிடம் ஒரு பெருந்தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, மாத வாடகையின்றிக் குடியிருந்து, காலி செய்யும்போது அத்தொகையைத் திரும்பப் பெறுவதே போக்கியம். லீஸ் என்றும் சொல்வர். தாளில் அதற்கு இடமில்லை. இளைஞர் 'வாடகை' என்று குறித்து, தொகை என்னுமிடத்தில் சுழியம் இட்டார். பல ஆண்டுச் சேமிப்பு முழுவதும் அவ்வீட்டில் முடங்கிக் கிடப்பதும், அத்தொகை திரும்பி வருமோ என்னும் அவருடைய கவலையும் அந்தச் சுழியத்துள் மறைந்து போயின. அத்தாளைப் பார்த்துத் திட்டம் வகுப்போர், அவருக்கு வேண்டிய பாதுகாப்பை எப்படி அறிவர்?

அப்படியானால் அயலார் பேசவே கூடாதா? அது சரியன்று. 1915-இல் சென்னைப் பல்கலைக்கழகத்திற்குப் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர் ஓர் ஆங்கிலேயர். தம் மாணவரையே சிற்றூர்களுக்கு அனுப்பி, நிலம், கூலி, கடன், உணவு ஆகியவற்றைக் கேட்டு எழுதச் செய்தார். இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான் முதலிய ஊர்களைப் பற்றிய அவ்வறிக்கைகள் 1918-இல் நூலாயின. 1930-களில் அதே ஊர்களைப் பி. ஜே. தாமசும் கே. சி. ராமகிருஷ்ணனும் மீண்டும் ஆராய்ந்தனர். அதன் பின்னரும் ஆய்வாளர் சென்று வந்தனர். ஒரே ஊரை மீண்டும் மீண்டும் பார்த்ததனால்தான் எது மாறிற்று, எது மாறவில்லை என்பது தெரிந்தது. ஸ்லேட்டர் அயலாரே, ஆயினும் அவர் கேட்கத் தெரிந்தவர்.

தோழர்களே, நம் நாட்டைப் பற்றி யார் எழுதினாலும் மூன்று வினாக்களை எழுப்புவோம். எங்கே நின்று பார்த்தார்? எத்தனை நாள் பார்த்தார்? யாரைக் கேட்டார்? புகழ்ச்சி வரும்போதும் இவ்வினாக்களை மறவாதிருப்போம். 'நீலசந்திராவா?' என்று புருவம் உயர்த்தும் நண்பர்கள் நம் வளாகத்திலும் உளர். அவர்களும் இம்மூன்றையும் தம்மைத்தாமே கேட்டுக்கொள்வாராக. விடை போதவில்லையெனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், சேர்ந்து நடப்போம்.