சித்திரைக்கு நேர் கீழே ஒரு கோடி

இருண்ட வானம் எங்கே கிடைக்கும் என்று கேட்டால், வானைப் படமெடுப்பவர்கள் லடாக்கின் ஹான்லேயைத்தான் சொல்வார்கள். 2022-ல் இருள்வான் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இடம். அந்த இருட்டுக்கு ஈடு நம் பக்கம் கிடையாது. ஆனாலும் ஒமேகா சென்டாரியைப் படமெடுக்க அங்கே போக வேண்டாம். அடிவானத்திலிருந்து பத்து டிகிரிகூட ஏறாது. எதிரே ஒரு மலை இருந்தால் அதுவும் போச்சு. லண்டன்காரர்களுக்கு அது உதிப்பதே இல்லை. நம் ஜவ்வாது மலையில் 30 டிகிரி வரை ஏறுகிறது. தெற்கு வானமும் தெரிய வேண்டும் என்றுதான் வானியலாளர் வைணு பாப்பு வானாய்வகத்துக்கு அந்த மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்தார்.

வெறும் கண்ணுக்கு ஒமேகா சென்டாரி மங்கலான ஒற்றை நட்சத்திரம். தாலமியும் நட்சத்திரமாகத்தான் பட்டியலிட்டார். இது வேறு ஏதோ என்று 1677-ல் குறித்தவர், செயின்ட் ஹெலினா தீவிலிருந்து பார்த்த எட்மண்ட் ஹாலி. உண்மையில் சுமார் 17,000 ஒளியாண்டு தொலைவில் ஒரு கோடி நட்சத்திரங்கள் உருண்டையாகத் திரண்ட கொத்து. நம் பால்வெளி விழுங்கிய குட்டி விண்மீன் மண்டலத்தின் மிச்ச மையமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். ஹபிள் தொலைநோக்கியின் இருபதாண்டுப் படங்களில், அதன் நடுவே ஏழு நட்சத்திரங்கள் அசாத்திய வேகத்தில் ஓடுவதை 2024-ல் கண்டார்கள். குறைந்தது 8,200 சூரிய நிறையுள்ள கருந்துளை அங்கே இருக்க வேண்டும்.

தேடுவது சுலபம். சித்திரை நட்சத்திரம் தெற்கே உச்சிக்கு வரும்போது, அதற்கு நேர் கீழே, நீட்டிய கையின் முஷ்டியால் மூன்றரை முஷ்டி இறங்குங்கள். சித்ரா பௌர்ணமியன்று நிலா அந்தப் பக்கமே நின்று எல்லாவற்றையும் கெடுக்கும். சித்திரை அமாவாசைதான் நம் நாள்.

டிஎஸ்எல்ஆர் கேமரா, 200 மி.மீ. லென்ஸ், ஆடாத ட்ரைபாட் போதும். வானத்தோடு கேமராவைத் திருப்பும் ட்ராக்கர் வாங்கினால் அதன் அச்சைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக வைக்க வேண்டும். அதுவோ இங்கே 12 டிகிரி உயரத்தில், மரக்கிளைக்கும் புழுதிக்கும் பின்னால் கிடக்கும். தெற்கே கிடைத்த லாபத்துக்கு வடக்கே கொடுக்கும் விலை! முதல் முயற்சிக்கு ட்ராக்கர் தேவையில்லை என்பதே என் கட்சி. நெபுலாவுக்குத்தான் நிமிடக்கணக்கில் எக்ஸ்போஷர் வேண்டும். கொத்து குறுகிய படங்களிலேயே படியும். தவிர, இவ்வளவு தெற்கே இருப்பதால் இது வான நடுக்கோட்டு நட்சத்திரங்களைவிட மெதுவாகவே நகர்கிறது.

ஆட்டோஃபோகஸை அணைத்துவிட்டு, லைவ் வியூவில் சித்திரையைப் பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும் வரை வளையத்தைத் திருப்புங்கள். பிறகு வளையத்தின் மேல் ஒரு துண்டு டேப். நள்ளிரவில் குளிர்ந்ததும் ஃபோகஸ் நழுவும், மறுபடி பாருங்கள். ஐஎஸ்ஓ 3200, ஒரு விநாடி, 400 படங்கள். கேமராவின் சொந்த இரைச்சலைக் கழிக்க, லென்ஸை மூடிக்கொண்டு அதே அமைப்பில் இன்னும் இருபது. சிரில் போன்ற இலவச மென்பொருள் இவற்றை அடுக்கிச் சேர்க்கும். 400 படங்கள் சேர்ந்தால் சமிக்ஞையோடு ஒப்பிட இரைச்சல் இருபதில் ஒரு பங்காகும். ஒற்றைப் படத்தில் வெறும் புகைப்பொட்டாக இருந்தது, ஓரத்தில் பொடிப்பொடியாக நட்சத்திரங்களாய்ப் பிரியும்.

30 டிகிரியில் வரும் ஒளி, தலைக்கு நேர் மேலிருந்து வருவதைப்போல இரண்டு மடங்கு காற்றைக் கடக்கிறது. ஆகவே கோடை மழை தூசியைக் கழுவிய மறுநாள் கிடைத்தால் விடாதீர்கள். காட்டுக்குள் இரவில் நிற்க வனத்துறை அனுமதி வாங்குங்கள். வானாய்வகத்தின் பக்கம் ஹெட்லைட் அடிக்காதீர்கள். சித்திரை தவறினால் வைகாசி அமாவாசை இருக்கிறது; அப்போது கொத்து பத்து மணிவாக்கிலேயே உச்சிக்கு வந்துவிடும். ஆனிக்கு மேல் தென்மேற்குப் பருவ மேகம்தான்.