கணினி செதுக்கிய இறக்கை

பொறியாளர் முதலில் வடிவத்தை வரைவார். பிறகுதான் அது சுமை தாங்குமா என்று கணக்குப் போடுவார். காலங்காலமாக இதுதான் வழக்கம். டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் இதைத் தலைகீழாக்கிக் காட்டினார்கள். போயிங் 777 ரக இறக்கையின் வெளிவடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு, உள்கூட்டை முழுக்கக் கணினியிடம் விட்டார்கள். இறக்கையின் உட்புறம் 110 கோடி சின்னஞ்சிறு கட்டிகளாகப் பிரிக்கப்பட்டது. எந்தக் கட்டியில் உலோகம் வேண்டும், எதைக் காலியாக விடலாம்? கேள்வி அவ்வளவுதான்.

'உண்டு', 'இல்லை' என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தால் யுகம் போதாது. அதனால் ஒரு கட்டியில் கால், அரை, முக்கால் உலோகம்கூட இருக்கலாம் என்று கணக்கில் சலுகை தருகிறார்கள். சுமையை ஏற்றியதும் எந்தக் கட்டி உழைக்கிறது, எது சும்மா கிடக்கிறது என்று கணினி பார்க்கிறது. சும்மா கிடப்பதிடம் பிடுங்கி உழைப்பதற்குக் கொடுக்கிறது. மறுபடி சுமை, மறுபடி பிடுங்கல். இப்படி நூற்றுக்கணக்கான சுற்றுகள்.

சரி, 'அரை உலோகத்தை' எந்தப் பட்டறையில் செய்வது? இதற்குக் கண்டுபிடித்த தந்திரம்தான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது. கட்டியின் விறைப்பை அதன் அடர்த்தியின் மும்மடிக்கு ஏற்ப வைத்தார்கள். அரைப்பங்கு உலோகம் போட்டால் அரைக்கால் பங்கு விறைப்புதான் கிடைக்கும். அரை விலை கொடுத்து அரைக்கால் சரக்கு வாங்க எந்தக் கணக்குப்பிள்ளை சம்மதிப்பார்? கணினியும் சம்மதிப்பதில்லை, இரண்டுங்கெட்டான் கட்டிகளைத் தானே கழித்துவிடுகிறது.

1988-இல் மார்ட்டின் பெண்ட்ஸோ, நொபொரு கிக்குச்சி இருவரும் அடித்தளமிட்ட துறை இது. 2001-இல் ஓலே சிக்முண்ட் ஓர் உத்திரத்தை வடிவமைக்கும் நிரலை 99 வரிகளில் எழுதி வெளியிட்டார். இறக்கைக்கோ ஒரு மீக்கணினி நாள்கணக்கில் ஓட வேண்டியிருந்தது. கடைசியில் கிடைத்தது, பறவை அலகின் உள்ளெலும்பு போன்ற வளைந்த பின்னல். எடை 2 முதல் 5 சதவீதம் குறையும். ஒரு விமானத்துக்கு ஆண்டுக்கு 40 முதல் 200 டன் எரிபொருள் மிச்சமாகும் என்பது டென்மார்க் ஆய்வாளர்களின் மதிப்பீடு.

ஒன்றை மறக்கக் கூடாது. சொன்ன சுமைக்குத்தான் கணினி உழைக்கும். பக்கவாட்டுக் காற்றைச் சொல்லாமல் விட்டால், அதற்கென்று ஒரு சட்டம்கூட வைக்காது. அதில் பிழை நேர்ந்தால் பழி பொறியாளருக்குத்தான்.

அந்த 777 இறக்கை கணினித் திரையோடு நிற்கிறது. ஆனால் ஏர்பஸ் ஏ380 இறக்கையின் முன்விளிம்பு விலாச்சட்டங்கள் இதே முறையில் உருவானவை. கணினி காட்டிய வடிவத்தைப் பட்டறைக்குத் தோதாகப் பொறியாளர்கள் திருத்தி வரைந்தார்கள். 2007 முதல் அந்த விமானம் பயணிகளை ஏற்றிப் பறக்கிறது.