24 படுக்கை, 65 குழந்தைகள்: நாந்தேட் அரசு மருத்துவமனையில் உண்மையில் என்ன நடந்தது?

2023 அக்டோபர் 3. மகாராஷ்டிராவின் நாந்தேட் அரசு மருத்துவமனைக்கு வந்த ஆளும் கூட்டணி எம்.பி. ஒருவர், டீனின் கையில் துடைப்பத்தைக் கொடுத்து கழிவறையைக் கழுவ வைத்தார். அந்த வீடியோ உங்க ஃபோனுக்கும் வந்திருக்கலாம். அதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் அங்கே 31 பேர் இறந்திருந்தார்கள். அதில் 16 பேர் குழந்தைகள்.

கழிவறை நாறியது உண்மைதான். ஆனா 31 பேர் இறந்ததற்கு ஒரு டீன் மட்டும்தான் காரணமா?

என்ன நடந்தது?

டாக்டர் சங்கர்ராவ் சவாண் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் செப்டம்பர் 30 நள்ளிரவு தொடங்கி 24 மணி நேரத்தில் 24 பேர் இறந்தார்கள். 12 பேர் பச்சிளம் குழந்தைகள். அடுத்த நாள் மேலும் 7 பேர்.

சுமார் 500 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையில் அப்போது ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் இருந்தார்கள். பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் 24 படுக்கை. உள்ளே 65 குழந்தைகள்.

கூட்டம் எப்படி உயிரை எடுக்கும்?

"கொஞ்சம் நெருக்கி அட்ஜஸ்ட் பண்ணிக்கலாமே" என்று தோன்றும். ரயிலில் முடியும், ஐ.சி.யூ.வில் முடியாது. எடை குறைவாகப் பிறந்த குழந்தைக்கு உடல் சூடு குறையாமல் பார்த்துக்கொள்ள வார்மர் வேண்டும். ஒரு வார்மரில் இரண்டு மூன்று குழந்தைகளைப் படுக்கவைத்தால், ஒன்றின் தொற்று மற்றவர்களுக்கும் பரவும்.

அடுத்தது நர்ஸ். வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தைக்கு தனியாக ஒரு நர்ஸ் இருப்பதே நல்லது. ஒருவரே பத்துப் பேரைப் பார்த்தால், ஒரு குழந்தையின் மூச்சு தடுமாறுவது கண்ணில் படவே சில நிமிடங்கள் ஆகிவிடும். அந்தச் சில நிமிடம்தான் எல்லாமே.

ஏன் எல்லோரும் அங்கேயே வந்தார்கள்?

சுற்றி 70-80 கிலோமீட்டருக்கு இந்த அளவு சிகிச்சை தரும் வேறு அரசு மருத்துவமனை இல்லை. ஹிங்கோலி, பர்பணி, யவத்மால் மாவட்டங்களில் இருந்தும், எல்லை தாண்டி தெலங்கானாவில் இருந்தும் நோயாளிகள் வருகிறார்கள்.

அது சனி, ஞாயிறு, காந்தி ஜெயந்தி என தொடர்ந்து மூன்று நாள் விடுமுறை. தனியார் மருத்துவமனைகள் கடைசி நேரத்தில் அனுப்பிவைத்தவர்கள்தான் அதிகம் இறந்தார்கள் என்று நிர்வாகம் சொன்னது. இருக்கலாம். ஆனா விடுமுறை எப்போது வரும் என்பது காலண்டரில் இருக்கிறதே! அதற்கேற்ப டியூட்டி போடுவதும், கீழ்நிலை மருத்துவமனைகளோடு பேசி நோயாளிகளை முன்கூட்டியே வரவழைப்பதும் நிர்வாகத்தின் வேலைதான்.

மருந்து இருந்ததா, இல்லையா?

ஹாஃப்கின் நிறுவனம் கொள்முதல் செய்யாததால் தட்டுப்பாடு என்று டீன் முதலில் சொன்னார். பிறகு மருத்துவமனை தரப்பே தட்டுப்பாடு இல்லை என்றது. முதலமைச்சரும் அதையே சொன்னார்.

பின்னணி இதுதான். 2017-ல் மருந்து வாங்கும் பொறுப்பை மாநில அரசு ஹாஃப்கினிடம் கொடுத்தது. தாமதப் புகார்கள் தொடர்ந்தன. 2023-ல் தனி ஆணையம் அமைக்க சட்டம் வந்தது. ஆனா மரணங்கள் நடந்தபோது அந்த ஆணையத்துக்கு முழுநேர தலைமைச் செயல் அதிகாரிகூட இல்லை. பழைய கடையை மூடியாச்சு, புதுக் கடை இன்னும் திறக்கலை என்ற நிலைமை.

ஒப்பிட நம்ம ஊர் உதாரணம் ஒன்று: தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994-ல் தொடங்கப்பட்டது. மாவட்டந்தோறும் கிடங்கு, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பாஸ்புக். எவ்வளவு எடுத்தோம், எவ்வளவு மிச்சம் என்பது கணக்கில் தெரிந்துவிடும். ராஜஸ்தானும் கேரளாவும் இந்த வழியைப் பின்பற்றின.

யார் பொறுப்பு?

டீன் மீது போலீஸ் வழக்கு பதிவானது. அவரைக் கழிவறை கழுவ வைத்த எம்.பி. மீதும் வழக்கு. ஆனா புதிய பணியிடங்களுக்கு அனுமதி தருவதும், மாநில அளவில் மருந்து டெண்டர் விடுவதும் டீனின் கையில் இல்லை.

பாம்பே உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது. நோயாளிகள் மோசமான நிலையில் வந்தார்கள் என்று சொல்லி அரசு தப்பிக்க முடியாது என்றது. எத்தனை பணியிடங்கள் காலி, மருந்து கொள்முதல் எந்த நிலையில் இருக்கிறது என்ற சரியான கேள்விகளையும் கேட்டது.

நமக்கு என்ன?

"எனக்குத்தான் கம்பெனி இன்ஷூரன்ஸ் இருக்கே" என்று நினைக்கலாம். ஆனா ஊரில் இருக்கும் அப்பாவுக்கு விபத்து என்றால், ராத்திரி 2 மணிக்கு ஆம்புலன்ஸ் பெரும்பாலும் போவது அரசு மருத்துவமனைக்குத்தான்.

2025-க்குள் பொது சுகாதாரத்துக்கு ஜி.டி.பி.யில் 2.5 சதவீதம் செலவழிப்போம் என்று 2017-ன் தேசிய சுகாதாரக் கொள்கை சொன்னது. அந்த இலக்கை நாடு எட்டவில்லை.

இதே மகாராஷ்டிராவில், நாந்தேடுக்கு இரண்டு மாதம் முன்பு தாணே மாநகராட்சியின் கல்வா மருத்துவமனையில் 24 மணி நேரத்தில் 18 பேர் இறந்தார்கள். அதுவும் 500 படுக்கை மருத்துவமனைதான். அப்போதே எச்சரிக்கை வந்துவிட்டது. அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால், எந்த டாக்டரை சஸ்பெண்ட் பண்ணினார்கள் என்பதோடு நிறுத்தாமல் மூன்று விஷயம் கேளுங்க: எத்தனை படுக்கை, எத்தனை நோயாளி? எத்தனை பணியிடம் காலி? கடைசியாக மருந்து ஆர்டர் போட்டது எப்போது?